நாமினி

டெபாசிட்தாரர் இறந்தபின் வருகிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்ல நேர்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "பணத்தை உங்களிடம் தருகிறோம், பணம் உங்களுடையது என்று சொல்லவில்லை." இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, படிவத்தில் கையெழுத்திட்டு நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்ஏ பிரிவின்படி வங்கியின் பொறுப்பு அத்துடன் தீர்கிறது. நாமினியின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அவர் வாரிசுகளுக்காகப் பெற்று வைத்திருப்பவர் மட்டுமே. உச்ச நீதிமன்றமும் 2010இல் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். எண்ணிக்கை கூடியிருக்கிறது, உறவு மாறவில்லை.

கேட்பவர்கள் பெரும்பாலும் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சொன்ன நானும் போட்டுக்கொள்ளவில்லை.

நண்பர் இறந்தபின் அவர் மனைவி இரண்டு நோட்டுப் புத்தகங்களை என்னிடம் தந்தார். எல்லாம் கவிதைகள். "நீங்களே பாத்துப் போட்டுடுங்க" என்றார். பார்த்து என்றால் படித்துப் பார்த்து என்றும் அர்த்தம், ஜாக்கிரதையாக என்றும் அர்த்தம். நான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிரதி எடுக்கையில் மூன்று கவிதைகளில் கை வைத்தேன். ஒன்றில் கடைசி இரண்டு வரிகளை நீக்கினேன். கவிதை மேம்பட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிறர் கணக்கிலிருந்து நல்ல காரியத்துக்காக இரண்டு ரூபாய் எடுத்தாலும் எங்கள் தொழிலில் அதற்குக் கையாடல் என்றே பெயர்.

காஃப்கா 1924இல் இறந்தார். எரிக்கச் சொன்னவற்றை மாக்ஸ் ப்ராட் எரிக்கவில்லை என்பதையே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். 1925இல் வந்த 'விசாரணை'யின் அத்தியாயங்களை வரிசைப்படுத்தியவரும் ப்ராட்தான் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. முன்னது நண்பனின் சொல்லை மீறியது. பின்னது நண்பனின் நாற்காலியில் உட்கார்ந்தது. ஆனால் ப்ராட் மூலப் பிரதிகளைக் காப்பாற்றினார். 1939இல் பிராகிலிருந்து தப்பியபோது பெட்டியில் உடன் கொண்டுபோனார். பின்னால் வந்தவர்கள் ப்ராடின் வரிசையைக் கேள்வி கேட்க முடிந்தது அதனால்தான்.

எங்கள் தொகுப்பு அச்சாகிவிட்டது. முன்னுரையில் நான் செய்ததைச் சொல்லவில்லை. உங்களில் சிலர் அந்தக் கவிதையின் முடிவைத்தான் குறிப்பாகப் பாராட்டினீர்கள். நண்பருக்கு வரவேண்டிய பாராட்டா, எனக்கா என்று தெரியாமல் வாங்கி வைத்திருந்தேன்.

போன மாதம் நோட்டுப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். மாற்றிய மூன்று இடங்களையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவர் பிரிக்காமலே அலமாரியில் வைக்கப் போனார். "சரியா இருக்கான்னு பாத்துக்குங்க" என்றேன், கவுண்டர் பழக்கத்தில்.