உப்பு வெளியில் ஒரு கள்ளித் தீவு

பொலிவியாவின் உயுனி உப்புவெளி, ஏறத்தாழ 3,650 மீற்றர் உயரத்திலே, 10,000 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கின்றது. அதன் நடுவே இன்காவாசி என்னும் பாறைத்தீவு. அங்கே முட்போர்வை பூண்ட நெடுங்கள்ளிகள் தூண்களென நிமிர்ந்து நிற்கும் காட்சி காண்போரை வியக்கவைப்பதாகும்.

1860இல் பிலிப்பி என்னும் தாவரவியலார் இக்கள்ளியைச் 'செரியஸ்' பேரினத்திற் சேர்த்தார். பின்னர் அது 'திரிக்கோசெரியஸ்' ஆயிற்று. 1974இல் 'எக்கினொப்சிஸ்' ஆயிற்று. 2012இல் மரபணு ஆய்வுகளையொட்டி 'லியூக்கொஸ்தெலே' ஆயிற்று. அற்றக்காமாப் பாலைநிலத்தைச் சுட்டும் 'அற்றக்காமென்சிஸ்' என்னும் சிற்றினப்பெயர் மட்டும் மாறவில்லை.

ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே இது வளரும். அயல்நாடாகிய சிலியிலே, சான் பெத்ரோ தே அற்றக்காமாத் தேவாலயத்தின் கூரைக்கு இதன் கட்டையும் உதவிற்று. பெயரை அறிஞர் ஏட்டிலே திருத்திவிடலாம். வெட்டுண்ட மூன்று மீற்றர்க் கள்ளி மீண்டும் அவ்வுயரம் எய்த மூன்று நூற்றாண்டு செல்லுமன்றோ!