ஒறம்பரையாக வந்து போகும் பிள்ளைகள்

கொங்கு நாட்டில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" என்பதுதான். அடுத்தது, "அங்க யாரு வூடுங்க?" இன்னும் கொஞ்சம் பழகிவிட்டால் குலதெய்வம் எது, என்ன கூட்டம் என்று பேச்சு நீளும். கேட்கிறவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. எங்கேயாவது ஓர் இழை கிடைத்தால், "அட, நம்ம ஒறம்பரைங்க" என்று சொல்லிவிடலாமே என்ற ஆசைதான்.

டிசம்பர் கடைசியில் பீளமேடு விமான நிலையத்தில் இறங்கும் சிலருக்கு இந்தக் கேள்விகள் எதற்கும் பதில் தெரியாது. முகமும் நிறமும் நம்மூர்தான். ஆட்டோக்காரர் தயங்காமல் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார். அவர்களுக்கோ ஒரு வார்த்தை புரியாது. கையில் உள்ள பாஸ்போர்ட் டென்மார்க்கோ நெதர்லாந்தோ ஸ்வீடனோ கொடுத்தது. 1970களிலும் 80களிலும் கைக்குழந்தையாக இங்கிருந்து தத்துப்பிள்ளைகளாக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். இன்று நாற்பது, ஐம்பது வயது. கோவையில் இருந்து போய் டென்மார்க்கில் வளர்ந்த ஒருவர் பெற்றோரைத் தேடி இந்த ஊர்த் தெருக்களில் அலைந்த செய்தி சில ஆண்டுகளுக்கு முன் நாளிதழ்களில் வந்தது. சென்னையில் பிறந்து அதே நாட்டில் வளர்ந்த இன்னொருவர், பல வருடத் தேடலுக்குப் பிறகு 2019-ல் தாயைக் கண்டுபிடித்தார்.

ஏன் டிசம்பர்? நீண்ட விடுமுறை கிடைக்கும் மாதம் என்பது ஒரு காரணம். பண்டிகை என்பது இன்னொரு காரணம். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் இரவு குடும்பம் முழுவதும் கை கோர்த்து மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டே நடப்பார்கள். பாட்டியின் மூக்கு அத்தைக்கு, அத்தையின் சிரிப்பு மகனுக்கு என்று வட்டம் முழுக்க ஒரே சாயல். நடுவில் ஒரு முகம் மட்டும் யாரைப் போலவும் இல்லை. நெதர்லாந்தில் இன்னும் சங்கடம். டிசம்பர் 5-ம் தேதி சிண்டர்கிளாஸ் திருநாளில், முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய 'பீட்' என்ற உதவியாளர் வேடம் பல காலம் வழக்கத்தில் இருந்தது. வகுப்பில் ஒரே ஒரு கறுத்த பிள்ளையாக உட்கார்ந்திருந்தவரை மற்ற குழந்தைகள் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யூகிப்பது கஷ்டமில்லை. வளர்த்தவர்கள் அன்பானவர்களாகவே இருந்திருக்கலாம். அன்பு இருந்த வீட்டிலும் அந்த ஒரு இரவு கனக்கும். அதனால்தான் அங்கெல்லாம் வளர்ந்த தத்துப்பிள்ளைகள் தங்களுக்குள் குழு அமைத்துக்கொண்டு, பண்டிகைக் காலத்தில் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டாத ஒரு சாப்பாட்டு மேஜை.

விமானம் ஏறி இங்கேயே வருகிறவர்களுக்குக் காத்திருப்பது மார்கழிக் கோவை. அதிகாலைக் குளிர், கோனியம்மன் கோயில் பக்கம் பூக்கடை, பெரிய கடை வீதியின் நெரிசல், மாலையில் தள்ளுவண்டிக் காளான். ஊர் அழகாக இருக்கும் மாதம். ஆனால் தேடலுக்கு இதைவிட மோசமான மாதம் இல்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தம்பதிகள் இங்கே நேரடியாகத் தத்தெடுக்கச் சட்டம் இல்லை. 1956-ம் ஆண்டு தத்துச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமானது. அதனால் 1890-ம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமனம் பெற்று, குழந்தையை அழைத்துப் போய், தங்கள் நாட்டுச் சட்டப்படி தத்தெடுப்பார்கள். ஆக, ஒரு குழந்தையின் கதை நீதிமன்றக் கட்டில் ஒரு பக்கம், இல்லத்தின் பதிவேட்டில் ஒரு பக்கம், ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் என்று கிடக்கும். கோவையில் ரயில் நிலையம், ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் நீதிமன்றத்துக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. அது முடிந்து சில நாள் வேலை நடந்தால் பொங்கல் விடுமுறை. நாற்பது வருடம் காத்திருந்து வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கோப்பு கிடைத்தாலும் அதில் அதிகம் இருக்காது. பிறந்த தேதி பல கோப்புகளில் தோராயம். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடம் பல சமயம் வெற்றிடம். சிலவற்றில் இருக்கும் பெயரும் உண்மையா என்பது சந்தேகம்.

இந்த ஏற்பாட்டில் எவ்வளவு தவறு நடந்தது என்பது மெதுவாகத்தான் வெளியே வந்தது. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய ஒரு கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, நீதிபதி பகவதி அமர்வு 1984-ல் வெளிநாட்டுத் தத்துக்கு விதிமுறை வகுத்தது. 1990-ல் மத்திய தத்து ஆதார ஆணையமான 'காரா' வந்தது. அதன் பிறகும், 2005-ல், கடத்தப்பட்ட குழந்தைகள் சென்னை வழியாக வெளிநாட்டுக்குத் தத்துப் போன விவகாரம் வெடித்தது. பல நாடுகளில் நடந்த முறைகேடுகளை விசாரணைக் குழு அம்பலப்படுத்திய பிறகு, நெதர்லாந்து 2021-ல் புதிய வெளிநாட்டுத் தத்துகளை நிறுத்தி வைத்தது.

இன்றைய விதி தேடுகிறவருக்கு ஓரளவு சாதகம். பதினெட்டு வயது நிறைந்தவர் தன் வேரைத் தேடி 'காரா'வுக்கோ சம்பந்தப்பட்ட இல்லத்துக்கோ நேரடியாக எழுதலாம். இருக்கிற தகவலைத் தேடித் தர அவர்கள் உதவ வேண்டும். பெற்ற தாய் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவள் சம்மதம் கேட்க வேண்டும். அவள் மறுத்தால், எந்தச் சூழலில் குழந்தையைக் கொடுத்தாள் என்பதையாவது சொல்லலாம். மூன்றாம் மனிதர் யாரும் அவர் சார்பில் தேட அனுமதி இல்லை. இந்தக் கடைசி விதியைத் தேடுகிறவர்கள் பலர் வெறுக்கிறார்கள். தமிழ் தெரியாதவர், ஊர் தெரியாதவர், துணையில்லாமல் எப்படித் தேடுவார்? நியாயமான கேள்வி. வாசலில் மைக்கோடு நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் விதிக்கும் ஒரு நியாயம் தெரிகிறது.

ஏனென்றால் மறுபக்கம் ஒரு பெண் இருக்கிறாள். கல்யாணம் ஆகாமல் கருவுற்ற பெண்ணாக இருந்திருக்கலாம். வறுமையாக இருந்திருக்கலாம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் இருந்திருக்கலாம். பெண் சிசுக்கொலைக்குப் பெயர் வாங்கிய சேலத்தில்தானே 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்கியது! இன்று அந்தப் பெண்ணுக்கு அறுபது, எழுபது வயது. கணவருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் தெரியாத ரகசியமாக அது இருக்கக்கூடும். ஒரு பழைய போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவது நமக்கு உதவி மாதிரி தோன்றும். அவளுக்கு அது பேரிடி. உங்கள் போனுக்கு அப்படி ஒரு செய்தி வந்தால், அடுத்த குழுவுக்கு அனுப்பாமல், தேடுகிறவருக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்வது நல்லது.

தென்கொரியா இந்த விஷயத்தில் ஒரு பாடம். 1950களிலிருந்து சுமார் இரண்டு லட்சம் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய நாடு அது. திரும்பி வந்த பிள்ளைகளே சேர்ந்து 1998-ல் சியோலில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மொழிபெயர்ப்பு, தேடலுக்கு உதவி, பண்டிகை நாளில் ஒரு கூட்டம் என்று எல்லாம் அங்கே நடக்கும். இரட்டைக் குடியுரிமைக்கும் பிறகு வழி கிடைத்தது. நம் பக்கம் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கோவையில் இறங்குகிறவருக்கு மற்றபடி ஓட்டல் அறையும் கூகுள் மேப்பும்தான் துணை.

கோப்பு திறக்காத நாட்களில் என்ன செய்வது? பேரூருக்குப் போகலாம். நொய்யல் படித்துறையில் முன்னோருக்குத் திதி கொடுக்கும் கூட்டம் இருக்கும். பட்டீசுவரர் கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் 'பிறவாப்புளி' மரத்தைக் காட்டுவார்கள். அதன் விதை எங்கே விழுந்தாலும் முளைக்காதாம். வேர் தேடி வந்தவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டி வந்தால் கொஞ்சம் தடுமாற்றம்தான்!

அதற்குப் பதில் அண்ணமார் கதையைச் சொல்லலாம். பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1965-ல் கொங்குக் கிராமத்தில் பதிவு செய்த வடிவத்தில், பொன்னர் சங்கரின் தந்தையே எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை. கற்குவியலுக்கு அடியில் கிடந்தவரைப் பசு பால் கொடுத்துக் காத்தது. பிள்ளையில்லாத கோளாத்தா கவுண்டர் தம்பதி தூக்கி வளர்த்தார்கள். அவர்கள் காலமானதும் பங்காளிகள், நீ யார் என்று கேட்டு விரட்டினார்கள். கொங்கின் பெருங்கதை அந்தப் பிள்ளையின் வம்சத்தைத்தான் பாடுகிறது.

லீவை இரண்டு வாரம் நீட்டிக்க முடிந்தவர்கள் பொங்கலைப் பார்த்துவிடுகிறார்கள். கொங்கில் எல்லாப் பண்டிகையும் 'நோம்பி'தான். முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவார்கள். பட்டிப் பொங்கலன்று கட்டுத்தரையில் சின்னத் தெப்பக்குளம் கட்டி மாடுகளைத் தாண்ட விடுவார்கள். அடுத்தது பூப்பறிக்கிற நோம்பி. பெண்கள் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ போய், பூப்பறித்து, கும்மியடித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார்கள். கும்மிக்கு மொழி தேவையில்லை. வட்டத்தில் ஓர் இடம் இருந்தால் போதும்.

பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் விருந்தாளிக்கும் சொந்தக்காரருக்கும் 'ஒறம்பரை' என்று ஒரே சொல்தான். இலை போட்டு அரிசியும் பருப்புஞ்சோறும் நெய்யும் வைத்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க கண்ணு" என்று நிற்கிற ஆத்தாவுக்கு, எந்த ஊர் என்ற பதில் வரத் தாமதமானாலும் சோறு ஆறிப்போவதுதான் கவலை. அலுவலகங்கள் பொங்கல் லீவு முடிந்து திறக்கும்போது, கோவை நீதிமன்ற வளாகத்தில் பழைய கட்டுகளைத் தேடித் தரச் சொல்லி மனு எழுதிக் கொடுக்க ஆள் கிடைப்பார்.