தர்மபுரியில் ஒரு ஜாகை

உத்தியோகம் கிடைப்பது பூர்வ ஜன்மப் புண்ணியம் என்றும், உத்தியோகத்தில் மாற்றல் கிடைப்பது பூர்வ ஜன்மப் பாவம் என்றும் என் தகப்பனார் சொல்வதுண்டு. என்னுடைய பாவம் 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு காகிதத்தின் உருவத்தில் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து தர்மபுரிக்குப் போக வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் போக வேண்டும்.

"முதலில் நீங்கள் போய் ஜாகை பாருங்கள். குழந்தையை வைத்துக்கொண்டு நான் லாட்ஜில் குடித்தனம் பண்ண முடியாது" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. சிநேகிதர்கள் யோசனை சொல்ல வந்தார்கள். "பெங்களூர் மாதிரி பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்க மாட்டார்கள், கவலைப்படாதே" என்றார் ஒருவர். "வெயில் சென்னையைப் போல் புழுங்காது" என்றார் மற்றொருவர். பல் வைத்தியராயிருந்த ஒரு நண்பர் மாத்திரம், "வீட்டைப் பார்க்காதே, தண்ணீரைப் பார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். வைத்தியர்கள் அதிகம் பேசாதபோதுதான் பயமாயிருக்கிறது.

சென்னையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் தர்மபுரிக்குப் போவது வழக்கம். நடுநிசிக்குப் பிறகு இறங்கி, விடியும் வரையில் பிளாட்பாரத்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்திலிருந்து தர்மபுரிக்கு 1906ஆம் ஆண்டிலேயே ஒரு சின்ன ரயில் ஓடியது. பிற்பாடு ஓசூர் வரையிலுங்கூட அது போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941இல், அதை மூடிவிட்டார்கள். என் பாட்டனார் காலத்துப் பிரயாணி ரயிலில் போன ஊருக்கு நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். முன்னேற்றம் என்பது சில சமயங்களில் இப்படியும் நடந்துகொள்கிறது.

பஸ்ஸில் ஏறியபோது மனம் சற்று உற்சாகமடைந்தது. தகடூர் என்ற பழைய பெயர் உடைய ஊர் அல்லவா? ஔவைக்கு நெல்லிக்கனியைக் கொடுத்துவிட்டுத் தான் உண்ணாமல் இருந்த அதியமானின் ஊர் அல்லவா? அவ்வளவு பெரிய வள்ளல் ஆண்ட ஊரில், வாடகை கொடுத்துக் கேட்கிற ஒருவனுக்கு இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமா கிடைக்காமல் போகும்?

கிடைக்காமல் போகவில்லை. ஆனால் அதைச் சொல்லுமுன் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

தர்மபுரிப் பக்கத்துப் பூமி கருங்கல் பூமி. பாறைகளிலே உள்ள சில தாதுப் பொருள்களிலிருந்து புளோரைடு என்னும் உப்பு சிறுகச் சிறுக நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் அது ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. இந்த ஜில்லாவில் எத்தனையோ கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் அந்த எல்லையைத் தாண்டியவை. அப்படிப்பட்ட தண்ணீரைச் சிறு பிராயத்தில், பல்லின் மேற்பூச்சு உருவாகிக்கொண்டிருக்கும்போது குடித்தால், பிற்பாடு முளைக்கும் பற்களில் சுண்ணாம்பு வெள்ளையாகக் கோடுகளோ, பழுப்புக் கறையோ விழும். பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்து போவதும் உண்டு. இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், தண்ணீர் பார்வைக்குத் தெளிவாயிருக்கும், வாசனை கிடையாது. நம் வீடுகளில் எல்லா வியாதிக்கும் செய்கிற பரிகாரமாகிய காய்ச்சிக் குடித்தல் இங்கே பலிக்காது. காய்ச்சினால் தண்ணீர்தான் குறையுமே தவிர உப்பு குறையாது.

தரகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு மாடி. இரவெல்லாம் சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. குமாரசாமிப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு ஜன்னலே இல்லை. இன்னொன்றில் ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் கைக்கு எட்டியது.

நான்காவதாகப் பார்த்த வீடுதான் வீடு. வாசலில் வேப்பமரம், விசாலமான கூடம், பின்பக்கத்தில் துளசி மாடம். எல்லாவற்றுக்கும் மேலாக, நகராட்சிக் குழாய். பஞ்சப்பள்ளி அணையிலிருந்து வந்த ஆற்றுத் தண்ணீர். தினமும் வராவிட்டாலும், வருகிற நாளில் நிரப்பிக்கொள்ளப் பூமிக்கடியில் பெரிய தொட்டி கட்டியிருந்தார்கள். வாடகை நாலாயிரம், முன்பணம் முப்பதாயிரம். வீட்டுக்காரர் நல்ல வயதானவர், காப்பி கொடுத்தார். பேசிக்கொண்டே இருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி, நீங்க எந்த வகையறாங்க?" என்றார்.

நான் சொன்னேன். மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப சரிங்க, அடுத்த வாரமே வந்திடுங்க" என்றார். ஆயிரம் ரூபாய் அச்சாரம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு மாதம் முந்தி மாற்றலாகி வந்தவர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு இன்னும் லாட்ஜில் இருந்தார். வீடு கிடைத்த சந்தோஷத்தில் நான் வேப்பமரத்தை வர்ணித்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாக, "துளசி மாடம் இருக்குமே, அந்த வீடா ஸார்?" என்று கேட்டார்.

"பார்த்தீர்களா? பிறகு ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?"

"கேட்டேன். ஏற்கெனவே ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சுன்னு சொன்னாங்க. மூணு வாரம் ஆச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

மூன்று வாரமாக அந்த வீடு காலியாகவே இருந்திருக்கிறது! அவரிடமும் முதலில் காப்பி கொடுத்திருப்பார்களா, பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களா என்றெல்லாம் நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டிலேயே நம்முடைய பார்லிமெண்ட் சட்டம் செய்திருக்கிறது. ஆனால் "பேசி முடிச்சாச்சு" என்ற இரண்டு வார்த்தையை எந்தச் சட்டத்தைக் கொண்டு பிடிப்பது?

நேயர்கள் என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிட வேண்டாம். நான் உடனே ஓடிப்போய் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "நான் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குக் கொடுத்துவிடப் போகிறார்களா?" என்று ஒரு நியாயம் தோன்றியது. "குழந்தையின் பல் முக்கியமா, உன் கௌரவம் முக்கியமா?" என்று இன்னொரு நியாயம் தோன்றியது. இரண்டும் கெட்டிக்கார நியாயங்கள். இரவு லாட்ஜில் அவற்றோடேயே படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையன்று பாப்பாரப்பட்டிக்குப் போனேன். வேறு வேலை இல்லாததால்தான் போனேன். சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்த ஊர் அது. சிறைவாசத்தில் தொழுநோய் பற்றிக்கொண்ட அவரை ரயிலில் ஏறக்கூடாதென்று அந்நாளைய சர்க்கார் தடுத்தது. அவர் கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். தேச மக்கள் யாவரும் சாதி மத பேதமின்றி வந்து வணங்கும்படி ஒரு பாரதமாதா ஆலயம் எழுப்ப வேண்டுமென்று ஆசைப்பட்டு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ஆம் தேதி சிவா காலமானபோது அவருக்கு வயது 40, ஆலயம் எழும்பவில்லை. அவருடைய நினைவிடத்தின் முன்னால் நின்றபோது, 'மணி என்ன' என்பது போல் நான் சொன்ன பதில் ஞாபகத்துக்கு வந்தது. வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

அன்றிரவு டெலிபோனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. "அவர் கேட்டபோது நீங்கள் பதில் சொன்னீர்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"நான் வந்து பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

வந்தாள், பார்த்தாள். வேப்பமரத்து வீட்டை வாசலிலிருந்தே பார்த்தாள். பிறகு தரகர் வேண்டாவெறுப்பாகக் காட்டிய ஐந்தாவது வீட்டுக்குப் போனோம். ஊர் ஓரத்தில் இருந்தது. கீழும் மேலுமாக இரண்டு பகுதி, இரண்டும் காலி. வீட்டுக்கார அம்மாள் பக்கத்திலேயே குடியிருந்தாள். எத்தனை பேர், வாடகை எந்தத் தேதியில் தருவீர்கள் என்ற இரண்டு கேள்விகளைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவளுடைய பேரன் ஒருவன், பத்து வயதிருக்கும், எங்கள் குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அவனும் சிரித்தான், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டான். கை விலகிய ஒரு கணத்தில் அந்தப் பற்களைப் பார்த்தேன். என் மனைவியும் பார்த்தாள்.

"இங்கே குழாய் கிடையாதுங்க, போர் தண்ணிதான்" என்று அந்த அம்மாள் தானாகவே சொன்னாள். "நாங்க அதைத்தான் குடிக்கிறோம். நீங்க வேணும்னா யோசிச்சுக்குங்க, கண்ணு."

அந்தத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலையில் கட்டணம் கட்டிக் கொடுத்தேன். (கண்ணாடிப் புட்டி உதவாது, புளோரைடு கண்ணாடியோடு உறவு கொண்டாடக்கூடியது.) சீட்டு வந்தது. எல்லையைத் தாண்டித்தான் இருந்தது.

"இந்த வீடே இருக்கட்டும். தண்ணீரை நாம் கொண்டுவரலாம். அந்த வீட்டில் எதைக் கொண்டுவந்து வைக்க முடியும்?" என்றாள் என் மனைவி. அச்சாரம் ஆயிரம் ரூபாய் திரும்பவில்லை, கேட்கவும் இல்லை. மேல் பகுதிக்கு யார் வந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய இரண்டு பையன்களும் வந்த மறுநாளே என் சைக்கிளின் மணியைக் கழற்றிவிட்டார்கள்.

தண்ணீர் கொண்டுவருவது என்று வாயால் சொல்லிவிடலாம். துணி துவைக்கவும் குளிக்கவும் ஆழ்துளைத் தண்ணீர் போதும். அதனால் கெடுதல் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் மாத்திரம் வேறு வேண்டும். சமையலை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. சோறு வடிக்கிற தண்ணீரும் வயிற்றுக்குள்தான் போகிறது. ஒரு பர்லாங்கு தூரத்தில் நகராட்சிப் பொதுக் குழாய் ஒன்று இருந்தது. தண்ணீர் வருகிற தினங்களில் விடியற்காலை நாலரை மணிக்கு நானும் மேல் வீட்டுக்காரரும் சைக்கிள்களில் இரண்டிரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு போவோம். வராத வாரங்களில் இருபது லிட்டர் கேன் வாங்குவோம். ஐப்பசி மழையில் மொட்டை மாடியைக் கழுவிவிட்டு, முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழையைப் பீப்பாயில் பிடித்தோம். மேகத்துக்குப் பாறையோடு சம்பந்தமில்லாததால் அதில் புளோரைடு கிடையாது. வீட்டுக்கார அம்மாள் முதலில் சிரித்தாள். மார்கழிக்குள் அவளும் ஒரு பீப்பாய் வாங்கிவிட்டாள்.

2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் நடந்துகொண்டிருந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவேரியை அருவிக்கு அருகிலேயே பிடித்துச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, தர்மபுரி கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் ஊர்களுக்கெல்லாம் குழாயில் அனுப்புகிற காரியம். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர மேலும் சில மாதங்கள் ஆயின. வந்த அன்று அந்த அம்மாள் குழாய்க்குக் குங்குமம் இட்டாள். மேல் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "இனிமேல் நாலரை மணிக்கு யாரை ஸார் எழுப்புவது?" என்றார்.

ஜாகை தேடிப் போகிறவர்கள் இப்பொழுதெல்லாம் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. எங்கள் ஒப்பந்தம் ஒரு பள்ளிக்கூட நோட்டின் பாதித் தாள்.

2016ஆம் ஆண்டில் குழந்தைக்கு முன் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. பல் வைத்தியர் சென்னையிலிருந்து ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். பல் வெள்ளையாகத்தான் இருந்தது. ஓரத்தில் மாத்திரம் நூலிழை போல ஒரு சுண்ணாம்புக் கோடு. அந்தத் தண்ணீரால் வந்ததா, வேறு காரணமா என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். குழந்தை அதற்குள் மாடிக்கு ஓடிவிட்டாள்; பையன்களிடம் பல்லைக் காட்ட வேண்டுமாம்.