மன்னார்க் கரையிற் கற்ற பரி நூல்

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் அப்பொருளைக் கோயிற் பணியிற் செலவிட்டதும், இறைவனே வணிகனாய் வந்து ஒப்புவித்த பரிகள் இரவில் நரிகளாய் ஊளையிட்டதும் நாம் இளமையிற் கேட்ட கதைகள். அரசனொருவன் குதிரைக்காகக் கருவூலத்தையே திறந்தானெனின், அந்நாளில் அதற்கிருந்த மதிப்பு எத்தகையது! இவ்வெண்ணத்தோடுதான், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் பயிலும் மருகனை உடன் அழைத்துக்கொண்டு, சென்ற விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் புறப்பட்டோம்.

2011ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாக மேலைக் கரையோரம் செல்லும் வீதி அது. ஒருபுறம் உப்புக் காற்று, மறுபுறம் உடைமரங்கள். மன்னாரை அணுகியதும் திருக்கேதீச்சரத்தில் இறங்கி, பாலாவியின் கரையிலே சற்று நின்றோம். மாந்தை எனவும் மாதோட்டம் எனவும் பெயர் பெற்ற பழந்துறைமுகம் இருந்த இடம் இதுவே. கி.மு. 177இல் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரை வாணிகனின் மைந்தர் என்றே மகாவம்சம் கூறுகின்றது. கடலின் அக்கரையிலும் இதே கதைதான். காவிரிப்பூம்பட்டினத்தில் மரக்கலங்கள் குதிரைகளைக் கொணர்ந்து இறக்கியதைப் பட்டினப்பாலை சொல்லும்.

இந்த மன்னார்க் கடலிலே முத்தெடுத்தவர்களைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டிலே கண்ட குதிரை வாணிகத்தையும் விரித்துரைக்கின்றார். ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பரிகள் வந்தனவாம். ஒவ்வொன்றுக்கும் 500 சாகி எடைப் பொன் கொடுத்தனராம். ஆயினும் ஆண்டு முடிவதற்குள் அவற்றுட் பெரும்பாலன இறந்துபட்டன. அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. உயர்ந்த பொலிகுதிரையைச் சிறந்த பெட்டைக் குதிரையோடு சேர்த்தாலும், இந்நாட்டிற் பிறப்பது கால் கோணிய சிறு குட்டியே என்கிறார் அவர்.

இச்செய்தியை மருகனிடம் கூறி, “பொலிகுதிரையைத் தேரத் தெரியாமையாலன்றோ இக்கேடு விளைந்தது?” என்று வினவினோம். அவன் முறுவலித்து, “ஊருக்குள் போய்ச் சொல்லுகிறேன், மாமா” என்றான்.

மன்னார் நகரிற் குதிரை இல்லை. குதிரையின் இனத்ததாகிய கழுதைகள் உண்டு. அராபிய வணிகர் கொணர்ந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்பர். போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பிய கோட்டையின் அருகே, கட்டுவாரும் மேய்ப்பாருமின்றிச் சில நின்றன. அவற்றையே பாடப் புத்தகமாகக் கொண்டு மருகன் விளக்கத் தொடங்கினான்.

“நம் முன்னோர் சுழி பார்த்தனர், இன்று எலும்பைப் பார்க்கின்றோம். குதிரையைச் சமதரையில் நிறுத்தி முன்னே நின்று நோக்கவேண்டும். தோள் முனையிலிருந்து தூக்கு நூல் விட்டால், அது முழங்காலையும் குளம்பையும் நடுவே பிளந்து இறங்கவேண்டும். பக்கத்தில் நின்றால், புட்டத்தின் பின்முனையிலிருந்து விட்ட நூல் பின்கால் முட்டைத் தொட்டு, அதன் கீழெலும்பின் பின்புறமாக இறங்கவேண்டும். தோள் சாய்ந்திருப்பின் நடை நீளும். முதுகு அளவாக இருப்பின் சுமை தாங்கும். எல்லாவற்றிற்கும் மேலாகக் குளம்பு. அது கெட்டால் மற்ற அழகெல்லாம் வீண். பின்னர் நடக்கவிட்டும் பார்த்தல் வேண்டும். பெட்டையிடம் உள்ள குறை பொலிகுதிரையிடம் இருத்தலாகாது. ஒரே குறை இரண்டிலும் இருந்தால் அது குட்டியிலே நிலைத்துவிடும்.”

அப்பொழுது ஒரு பெட்டைக் கழுதை குட்டியோடு வந்தது. குட்டியின் முன்கால்கள் முழங்காலில் உட்புறமாக வளைந்திருந்தன. “மார்க்கோ போலோ கண்ட குட்டி இதுதான் போலும்! தகப்பன் எத்தகையதோ?” என்றோம் நாம். அருகே வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் தலை நிமிர்ந்தார்.

“தகப்பனைக் குறை சொல்லி என்ன, மாஸ்டர்? தாய் தின்னுறதைப் பாருங்கோ.”

பார்த்தோம். தாய்க்கழுதை குப்பைமேட்டிலே உணவு சுற்றியெறிந்த பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது.

மருகன் தலையசைத்தான். “பெரியவர் சொல்வதே விஞ்ஞானம், மாமா. இவ்வளைவுக்குக் காரணம் பல இருக்கலாம். வளர வளர நிமிர்வதும் உண்டு. ஆனால் தாயின் பங்கை மறத்தலாகாது. வால்ரன், அமண்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் பேருருவான சயர் இனத்தையும் சிற்றுருவான செற்லாந்து இனத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, 1938இல் முடிவை வெளியிட்டனர். இரு வகைக் குட்டிகளுக்கும் பெற்றோர் இனங்கள் அவையே. ஆயினும் சயர்த் தாய் ஈன்ற குட்டி, செற்லாந்துத் தாய் ஈன்றதைப் போல் மும்மடங்கு பெரிதாய் இருந்தது. பொலிகுதிரை தருவது வித்தில் பாதி. மற்றப் பாதியும், கருப்பையும், பாலும் தாயினுடையவை. தாய்க்குப் புல் இல்லையேல் எத்தேர்வும் பயன் தராது.”

அப்பொழுது மார்க்கோ போலோவின் இன்னொரு குறிப்பு நினைவுக்கு வந்தது. பாண்டி நாட்டார் பரிகளுக்குச் சோற்றையும் சமைத்த இறைச்சியையும் ஊட்டினர் என்றும், அவற்றைப் பேணும் முறை அறியார் என்றும் அவரே எழுதியிருக்கின்றார். பொன் கொடுத்துக் குதிரை வாங்கியவர்கள், புல்லைப் பற்றி எண்ணவில்லை! நம் நெடுந்தீவிலும் ஐரோப்பியர் குதிரை வளர்த்தனர். அவர்கள் போனபின் தேர்வார் எவருமின்றி அவற்றின் வழிவந்தவை இன்றும் அங்கே திரிகின்றன. 2015இல் அப்பகுதி தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கோடையும் கிணறுமே தேர்வாளர்.

மாலையிற் பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் கீழ் அமர்ந்தோம். ஆபிரிக்க மண்ணுக்குரிய அம்மரம், சுற்றளவு 19 மீற்றருக்கு மேற்பட்டு, வந்த மண்ணைச் சொந்த மண்ணாக்கிக்கொண்டு நிற்கின்றது. ஆசிரியராகிய நாம் வகுப்பிலே பின்தங்கிய பிள்ளையைக் கண்டால், “விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று எத்தனைமுறை எளிதாகச் சொல்லியிருப்போம்! காலையிற் பசியோடு வந்தானா என்று எத்தனைமுறை கேட்டோம்?

திரும்பும் வழியிற் கடையொன்றில் ஒரு கட்டுப் புல் வாங்கினோம். தாய்க்கழுதை அதைத் தின்று முடிக்கும்வரை, குட்டி அதன் மடியை விட்டு விலகவில்லை.