கெலிஓயாவில் ஒரு முற்றம்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில் கெலிஓயா இருக்கிறது. அங்கே மேட்டுப்பாங்கான இடத்தில் ஒரு சிறு வீட்டை வாங்கிக் குடியேறியபோது, வீட்டைவிட அதன் முன்னிருந்த சரிவான நிலமே எமக்குப் பெரும் செல்வமாகத் தோன்றியது. நாம் வடமராட்சியின் மணல் முற்றத்தில் வளர்ந்தவர்கள். விடியுமுன் விளக்குமாற்றின் ஓசை கேட்டுக் கண்விழித்தவர்கள். ஒரு சருகுகூட இல்லாது கூட்டிய முற்றமே துப்புரவான முற்றம் என்பது எமது இரத்தத்தில் ஊறிய எண்ணம்.

அந்த எண்ணத்தோடு இன்னோர் ஆசையும் சேர்ந்துகொண்டது. பேராதனைத் தாவரவியற் பூங்கா எமக்கு அயலிலேயே இருந்தது. 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பவர் காலத்தில் தொடங்கி, இன்று ஏறத்தாழ 147 ஏக்கரில் பரந்திருக்கும் அப்பூங்காவின் புல்வெளியைக் கண்டு மயங்காதவர் யார்? அதில் ஒரு துண்டை எமது வாசலிலும் விரித்துவிட வேண்டுமென்று நினைத்தோம். அந்தப் புல்வெளிக்குப் பின்னால் நாள்தோறும் குனிந்து நிமிரும் கூலிக்கரங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க அப்போது எமக்குத் தோன்றவில்லை.

புல் பதித்தோம். வாரந்தோறும் வெட்டினோம். மிகுதி நிலத்தை வழுவழுவெனக் கூட்டி வைத்தோம். ஐப்பசி மழை வந்தது. கூட்டிய நிலத்தில் விழுந்த நீர் செம்மண்ணை அள்ளிக்கொண்டு எமது படலையைக் கடந்து, வீதியைக் கடந்து, மகாவலியைத் தேடி ஓடியது. புல்லோ இடையிடையே மஞ்சளித்துப் பசளை கேட்டது. 2021 ஏப்ரிலில் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்தபோது, அதை எதிர்த்து விவசாயிகள் தெருவில் இறங்கினர். அவர்களுக்கு வயலில் நிற்கும் நெல் கவலை. நாம் அந்நாட்களில் புல்லுக்கு யூரியா கிடைக்குமா என்று கடை கடையாக விசாரித்துத் திரிந்தோம். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பக்கத்து வளவில் ஒரு சிங்கள ஆச்சியம்மா தனியே இருந்தார். அவர் வளவில் எவரும் எதையும் பாடுபட்டுச் செய்வதாகத் தெரியவில்லை. ஆயினும் அங்கே ஒரு பருவத்திலும் பசுமை குன்றியதில்லை. மேலே தெங்கும் பலாவும் கமுகும். அவற்றின் நிழலில் கிராம்பு, சாதிக்காய். அதற்குக் கீழே கோப்பியும் வாழையும். சீமைக்கிளுவை வேலியில் ஏறிய மிளகு. தரையோடு தரையாக இஞ்சி, மஞ்சள், வல்லாரை. கண்டி வீட்டுத்தோட்டம் என்று ஆராய்ச்சியாளர் நூல்களில் விவரிப்பது இதைத்தான். உயரத்தில் நிற்கும் இலை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கிறது. தரையில் கிடக்கும் சருகு அதை மெல்லக் குடிக்கிறது. உக்கிய சருகு மீண்டும் மரத்துக்கே உணவாகிறது. சீமைக்கிளுவையின் வேர் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கிளையை வெட்டி அடியிலே போட்டால் அதுவே பசளை. ஆச்சியம்மா வாசற்படியிலிருந்து கிணற்றடி வரை ஒரு நடைபாதையை மட்டும் கூட்டுவார்; பாம்பு கிடந்தால் தெரியவேண்டுமல்லவா! மற்றச் சருகுகளை அவர் தொடுவதேயில்லை.

எமது நிலத்தைத் திருத்த, அண்மைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்கூலிக்கு வந்தார். நாற்பதாண்டுகள் தேயிலை மலையில் கான் வெட்டியும் கவ்வாத்து வெட்டியும் தேய்ந்த கைகள். வந்த முதல் நாளே விளக்குமாற்றை வாங்கி ஒருபுறம் சாத்தி வைத்தார்.

"புல்லை வெட்டுங்க ஐயா, வேரப் புடுங்காதீங்க. வேரு போனா மண்ணு நிக்காது" என்றார்.

சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டினார். மண்ணிலிருந்து பொறுக்கிய கல்லைக்கொண்டே கல்லணை கட்டினார். வெள்ளைக்காரத் துரைமார் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மலையை மொட்டையடித்து, ஒரு களைகூட இல்லாதபடி சுரண்டிவைத்த காலத்தில் மலைநாட்டின் மேல்மண் ஆற்றோடு போயிற்று. அந்த இழப்பை உணர்ந்துதான் 1951இல் மண் பாதுகாப்புக்கென ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டத்தைப் படித்த நாம் முற்றத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். அதைப் படியாத பெரியவர் அதன் சாரத்தைக் கையில் வைத்திருந்தார்.

இப்போது எமது முற்றத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். அதிற் பெரும்பகுதி நுளம்புக்காகச் செலவாகிறது. சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கவிழ்க்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதுமாகையால், இந்த ஒரு வேலையை மட்டும் பிற்போட முடியாது. 2017இல் இந்நாட்டில் ஓர் இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோரை அந்நோய் வீழ்த்தியதை நாம் மறக்கவில்லை. மரம் வைத்தால் எல்லாத் துன்பமும் தீரும் என்றும் சொல்லமாட்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தபோது, ஒருவர் வீட்டு முற்றத்துக் கல்லணையால் ஆவது எவ்வளவு என்பதும் தெரிந்தது. வரும் நண்பர்களிற் சிலர் "இதென்ன, காடாக்கி வைத்திருக்கிறீர்களே!" என்று முகஞ்சுளிப்பார்கள். எமக்கு இப்போது இதுவே அழகாகப் படுகிறது.

ஆனால் உழைப்புக் குறைந்த முற்றம் என்று நாம் பெருமை பேசிய ஒருநாள், பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் பின்னர்தான் விளங்கியது. மரக்கறிக்கு ஒவ்வொரு போகமும் பாடுபட வேண்டும். மரத்துக்கு ஒருமுறை பாடுபட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். காத்திருப்பதற்கோ நிலம் தன்னுடையதாக இருக்கவேண்டும். பலா காய்க்கச் சில ஆண்டுகளாகும். உறுதிப்பத்திரம் இல்லாத மண்ணில் எவன் பலா நடுவான்?

பெரியவர் பிறந்தது லயத்தில்; இருப்பதும் லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதன்முன் ஓர் இஸ்தோப்பு. அதற்கப்பால் தோட்டத்தின் நிலம். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் உறவினரிற் பாதிப்பேரைக் கப்பலேற்றியது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயம் லயமாகவே இருந்தது. 2003இல் எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை கிடைத்தது, காணி கிடைக்கவில்லை. பிற்காலத்தில் சில தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் என்பதை எமது மாணவர் அறிவர். அந்த ஏழும் இவருக்கு வரவில்லை. லயத்துக் கோடியில் கிடைக்கும் துண்டு நிலத்தில் கீரையும் போஞ்சியும் போடுகிறார். போகத்துக்குப் போகம் கொத்துகிறார். எந்நாளும் கைவிடலாமென்ற நிலத்தில் எந்நாளும் உழைக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஆச்சியம்மாவின் பலாவிலிருந்து விழுந்த கொட்டையொன்று எமது வளவில் முளைத்தது. அதைப் பையில் எடுத்து வைத்து, பெரியவருக்குக் கொடுத்தோம். அவர் அதன் இலையைத் தடவிப் பார்த்தார்.

"பலா வேணாங்க ஐயா. வல்லாரை கொஞ்சம் கொடுங்க. அதுன்னா டின்னுல வச்சுக்கலாம்."

துருப்பிடித்த பால்மா டின்னின் அடியில் ஆணியால் துளையிட்டு, வல்லாரையை வேரோடு பெயர்த்து வைத்துக் கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பலாக்கன்று இன்னமும் கல்லணையோரம் பையிலேயே நிற்கிறது. போன கிழமை அதை நகர்த்தப் பார்த்தோம், முடியவில்லை. பையைக் கிழித்துக்கொண்டு வேர் கீழே இறங்கிவிட்டிருந்தது.