வேலியும் அயலும்

புதுமனை கட்டிக் குடிபுகுந்தோர் அடுத்து நினைப்பது வேலியையே. உறுதி வாசிக்கத் தெரிந்தவர் என்ற எண்ணத்தால் அயலிலுள்ளார் சிலர் ஆசிரியராகிய நம்மிடம் இது குறித்து உசாவ வருவதுண்டு. மதில் கட்டுவதா, கதிகால் நாட்டுவதா? எந்த மரம் நல்லது? செலவு யாரைச் சேர்ந்தது? அயலவரின் மரம் நம் வளவுக்குள் சாய்ந்தால் என் செய்வது? இவையே அவர்கள் கேட்பவை. இக்கேள்விகளுக்கெல்லாம் விடை உண்டு. ஆயினும் இவற்றுக்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றைப் பலர் கேட்பதில்லை. எல்லை இதுதான் என்று இரு பகுதியாரும் ஒருங்கே நின்று ஒப்புக்கொண்டனரா என்பதே அது.

நமது யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். காணியின் பெயர் இருக்கும்; இத்தனை பரப்பு, இத்தனை குழி என்ற கணக்கு இருக்கும். அதன்பின் கிழக்கு இன்னாருடைய காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாருடைய காணி, தெற்கு இன்னாருடைய காணி என்று நான்கு எல்லையும் சொல்லப்பட்டிருக்கும். நம்முடைய நிலம் எது என்பதை அறிவிக்க அயலவர் பெயரே அங்கு எழுதப்படுகின்றது. அவர்களை நீக்கிவிட்டால் நமது காணிக்கு அடையாளம் இல்லை. வேலி பற்றிய ஆராய்ச்சியை இவ்விடத்திலிருந்து தொடங்குதலே முறையாகும்.

உயிர்வேலி நகரும் இயல்புடையது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலி நகர்ந்திருந்தால் அயலவர் களவாக நகர்த்தினார் என்றே முதலில் ஐயுறுகின்றோம். அவ்வாறு செய்வோரும் உளர். அதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் பெரும்பாலும் நடப்பது வேறு. நாட்டிய கதிகால் ஆண்டுதோறும் பருக்கின்றது. ஒன்று பட்டுப்போனால், அதன் அடிக்கட்டை நிலத்தில் இருப்பதனால், புதியதை அவ்விடத்தில் நாட்ட முடியாது. ஓர் ஓரமாக நாட்டுகின்றோம். அடுத்த முறை பட்டுப்போவதற்கு அதற்கும் ஓரமாக நாட்டுகின்றோம். இருபது ஆண்டுகளில் நேராயிருந்த வேலி வில்லாய் வளைந்துவிடுகின்றது. எவரும் திருடவில்லை, ஆனால் ஒருவருடைய நிலம் குறைந்திருக்கின்றது.

எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆகவே ஒரு பரப்பு 2722½ சதுர அடியாகும். அது சதுரமான காணியாயின் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. அப்பக்கம் முழுவதும் வேலி ஓர் அடி உள்ளே வந்துவிட்டால் இழப்பு 52 சதுர அடி. அதாவது ஒரு பரப்பில் ஏறக்குறைய 52 இல் ஒரு பங்கு. ஒரு கட்டில் போட்டு, அருகே ஒரு கதிரையும் வைக்கக்கூடிய இடம் அவ்வளவே. இவ்விடத்திற்காக உடன்பிறந்தார் பேச்சை நிறுத்தியதையும், பிள்ளைகளின் கலியாண வீட்டுக்குப் போகாதிருந்ததையும், செத்த வீட்டுக்குக் கூடப் படலை கடவாதிருந்ததையும் நாம் அறிவோம். நிலத்தின் பெறுமதியை விஞ்சிய பணம் வழக்கிற் கரைந்ததையும் அறிவோம்.

அதற்காக எல்லையைக் கவனியாது விட்டுவிடலாம் என்று எவரும் கருதுதல் கூடாது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பிறருடைய காணியை 10 ஆண்டுகள் தடையின்றியும், உரியவரின் உரிமைக்கு மாறாகவும் ஆண்டு வந்தாரெனின், அதனை ஆட்சியுரிமையாகக் கோர இடமுண்டு. போர்க்காலத்தில் வழக்கிட முடியாதிருந்தோரின் நிலையைக் கருதி 2016 இல் தனிச்சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. எனவே பிழையாக நிற்கும் வேலியை நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருப்பதும் அறிவுடைமை ஆகாது. புதுவேலி அமைக்கும் முன் உறுதியையும் பழைய நில அளவைப் படத்தையும் எடுத்து வைத்து, உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளப்பித்து, எல்லைக் கற்களை நாட்டுவித்தல் வேண்டும். அளக்கும் நாளை அயலவருக்கு முன்னரே அறிவித்து, அவரையும் உடன் நிற்கச் செய்தல் இன்னும் முக்கியம். அவர் காணாமல் நாட்டிய கல் சரியான இடத்தில் நின்றாலும் ஐயத்தையே விளைக்கும். கருத்து மாறுபட்டால் நேரே நீதிமன்றம் போகாது, 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையிற் பேசிப் பார்த்தல் நன்று.

போர் நமது எல்லைகளை எவ்வாறு கலைத்தது என்பதையும் இங்கே சொல்லுதல் பொருந்தும். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு சித்திரை வைகாசியில் நம்மவர் பலர் மீண்டனர். நாம் அப்பொழுது பாடசாலை மாணவர். திரும்பி வந்தபோது வளவைச் சுற்றி வேலி இல்லை. கிடுகு உக்கியிருந்தது, கதிகால்கள் விறகாகிப் போயின. ஐயாவும் அயல்வீட்டுப் பெரியவரும் கிணற்றுக் கட்டையும் மூலையில் நின்ற பனையையும் அடையாளமாகக் கொண்டு கயிறு பிடித்தனர். கயிறு இழுபட்டு நின்றதும் பெரியவர், “தம்பி, கதிகால் நாளைக்குப் பருக்கும். ஒரு சாண் எங்கட பக்கம் தள்ளி நடும்” என்றார். ஐயா உடன்படவில்லை. “அண்ணை, அது உங்கட நிலம். கயிறு நிக்கிற இடத்திலேயே நடுவம். பருத்தால் இரண்டு பக்கமும் பருக்கட்டும்” என்றார். இருவரிடமும் அப்பொழுது நில அளவைப் படம் இருக்கவில்லை. இடம்பெயர்வில் அது தொலைந்துவிட்டது. பின்னாளில் அளந்து பார்த்தபோது அவ்வேலி நாலு விரற்கடை கூடப் பிசகி இருக்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறி, நெடுங்காலத்தின் பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்கு மீண்டோர் பலருக்கு இத்தகைய அயலும் வாய்க்கவில்லை. வீடும் இல்லை, வேலியும் இல்லை, சாட்சி சொல்ல முதியவரும் இல்லை. கிணறு ஒன்றே அவர்களுக்கு எல்லை காட்டியது.

செலவு யாரைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு நம் முன்னோர் எளிய வழி ஒன்று வைத்திருந்தனர். ஒரு வளவின் நான்கு பக்கத்தில் இன்ன பக்கம் இவருக்கு, இன்ன பக்கம் அயலவருக்கு என்று பேசி வைத்து, அவரவர் பக்கத்தை அவரவர் அடைத்து வந்தனர். கிடுகும் பனையோலையும் நெடுங்காலம் நில்லா. ஆகவே வேலியடைப்பு மீண்டும் மீண்டும் வந்தது. அடைக்கும் முன் “நாளைக்கு வேலி அடைக்கப் போகிறோம்” என்று ஒரு வார்த்தை அயலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கோழியை அடைத்துவைக்கவும், மரக்கொப்பைத் தறிக்கவும், பொட்டை எவ்விடத்தில் விடுவது என்று தீர்மானிக்கவும் அச்சொல் உதவியது. கறிக்கிண்ணமும் வெற்றிலைத் தட்டமும் அந்தப் பொட்டின் வழியாகவே போய் வந்தன. கழற்றிய பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. இன்றும் செலவைப் பங்கிடுவதற்கு இவ்வழக்கைப் பின்பற்றலாம். இயலாதெனின் எல்லையில் நிற்கும் வேலியின் செலவைச் சரிபாதியாகப் பிரித்து, அதனை ஒரு கடதாசியில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நன்று.

இனி, எந்த மரம் நல்லது என்பதைப் பார்ப்போம். ஆடு மாடு நுழையாதிருத்தலே நோக்கமாயின் கிளுவை சிறந்தது. அதற்கு முள்ளும் உண்டு. வறட்சியைத் தாங்கும் வலிமையும் உண்டு. ஆடு வளர்ப்போருக்கும் தோட்டஞ் செய்வோருக்கும் பூவரசு நல்லது. குழை ஆட்டுக்கு உணவாகும். தோட்டத்திற் புதைத்தால் பசளையாகும். முற்றிய மரம் தச்சு வேலைக்கு உதவும். முள்முருக்கு கலியாண வீட்டுக் கன்னிக்காலுக்கும் வேண்டியது. கிளிசரியா என்னும் சீமைக்கிளுவை விரைவில் வளரும். முருக்கும் கிளிசரியாவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேர்க்கணுக்களில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு உதவும் உருவிற் சேர்க்கின்றன. ஆதலால் அவற்றின் குழை மண்ணை வளப்படுத்தும். ஒரே மரத்தை மாத்திரம் நாட்டாது இரண்டு மூன்றைக் கலந்து நாட்டினால், ஒரு நோய் வந்து வேலி முழுவதையும் அழிக்காது.

கதிகாலை மாரி தொடங்கும் காலத்தில் நாட்டுதல் வேண்டும். நமது குடாநாட்டுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்வது. முற்றிய நேர்க்கொம்பாகத் தெரிந்து, அடி நுனி மாறாது நாட்டுக. மேல் வெட்டுவாயிற் சாணம் அப்பினால் வெயிலிற் காயாது. செம்மண் ஆழங்குறைந்த இடங்களில் சிறிது தோண்டியதுமே சுண்ணக்கல் எதிர்ப்படும். அங்கே அலவாங்கால் குழி இட்டு, நல்ல மண்ணை நிரப்பிப் பின் நாட்டுக. வரிச்சுக் கட்டும்போது தளிர் விடும் இடத்தை இறுக்கிக் கட்டலாகாது.

மதில் கட்டுவோரை நாம் குறை கூறவில்லை. கிடுகு பின்னுவோரும் வேலி அடைப்போரும் அரிதாகிவிட்டனர், கூலியும் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியோர் தனித்து வாழும் வீடுகளில் மதில் ஒரு துணையென்றே கருதப்படுகின்றது. அது நியாயமே. ஆயினும் மூன்று காரியங்களைக் கவனிக்குக. பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ அனுமதி வேண்டுமா என்பதை முன்னரே விசாரிக்க வேண்டும். வீதியை ஒட்டிய மதிலாயின் இது மிக அவசியம். அத்திவாரம் அயலவர் நிலத்துக்குள் ஓர் அங்குலமும் புகாதிருக்க வேண்டும். கதிகாலைப் பிடுங்கி நாட்டலாம், அத்திவாரத்தைப் பிடுங்க முடியாது. மூன்றாவது, மழைநீர் செல்லும் வழியை அடைக்கலாகாது. உயிர்வேலியின் ஊடாக வெள்ளம் பரந்து சென்று நிலத்துக்குள் இறங்கும். மதிலோ அதனைத் தடுத்து அயல் வளவிலோ ஒழுங்கையிலோ தேக்கும். நமது கிணறுகளுக்கு அந்த மழைநீரே முதல். ஆகவே மதிலின் அடியில் நீர் போகத் துளைகள் விடுதல் வேண்டும்.

வளவுக்குள் மரம் நாட்டுவோர் எல்லையிலிருந்து எவ்வளவு விலகி நாட்டுகின்றோம் என்பதையும் எண்ணுக. பலா, மா, புளி முதலியவற்றை வேலி ஓரம் நாட்டினால் நிழலும் சருகும் அயலுக்கும், பழம் நமக்கும் என்றாகிவிடும். அது நீடிக்காது. தென்னையை அயல்வீட்டுக் கூரையின் அருகில் நாட்டாதிருத்தல் உயிர்க் காப்பும் ஆகும். வேலி ஓரத்துக்குச் செவ்வரத்தை, கறிவேப்பிலை, தூதுவளை, முசுட்டை போன்றவை பொருந்தும். முசுட்டையும் தூதுவளையும் வேலியிலேயே படர்ந்து இரு வீட்டார்க்கும் வறை தரும். அயற்காணிக்குச் சாயும் மரங்களைப் பற்றிய வழக்கு நம்மிடையே புதிதன்று. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்திற் கொணர்ந்த தேசவழமையிலும் அதற்கு இடம் தரப்பட்டுள்ளது. முந்நூறு ஆண்டுகளாக இதே காரியத்திற்கு நாம் பிணங்கி வருகின்றோம் என்பது அதனாற் புலனாகும்.

கொப்பு சாய்ந்தால் நாமாகத் தறிக்கப் புகாது, முதலில் உரியவரிடம் சொல்லுக. சொல்லும்போது வேலிக்கு மேலால் கூவிச் சொல்லாது, படலையைத் திறந்து சென்று, திண்ணையில் இருந்து சொல்லுக. வேலி போட எண்ணியிருப்போர் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவ்வாறு ஒருமுறை போய் வரலாம். போகும்போது உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துச் செல்லுதல் நல்லது. அவர்களிடமுள்ள உறுதியில் ஓர் எல்லையாக நமது பெயர் எழுதப்பட்டிருப்பதை அப்பொழுது காணலாம்.