ஓட்டத்தின் உருவம்

அயிரை என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது மதுரைப் பக்கத்துக் குழம்புச் சட்டி. கண்மாய்ச் சேற்றில் வளரும் அந்த விரல்நீள மீனுக்கு மலையில் தூரத்து உறவினர்கள் உண்டு. அவர்களுக்குச் சேற்றுக்குப் பதில் பாறை, தேங்கிய நீருக்குப் பதில் சரிவில் இறங்கும் வெள்ளம். மலையோடை அயிரைகள் என்று இவற்றைச் சொல்கிறேன். சில வருஷங்களாக இவற்றின் மீது எனக்கு மோகம். ரஸனை என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் ரஸனை பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மோகம் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும்.

இந்த மீனின் வயிறு தட்டை. அங்கே செதில் கிடையாது. மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் பக்கவாட்டில் விசிறிகளாக விரிந்து கல்லோடு படிகின்றன. கண்கள் தலையின் மேற்புறம். மற்ற மீன்களை மிதக்கவைக்கும் காற்றுப்பை இதில் சுருங்கி எலும்புக் கூட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. மிதந்தால் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் இருந்த சுந்தர் லால் ஹோரா, மலையோடை உயிர்களைப் பற்றி 1930ல் லண்டன் ராயல் சொஸைட்டி வெளியீட்டில் நீண்ட கட்டுரை எழுதினார். நீரோட்டம் உடம்புகளை எப்படித் தீர்மானிக்கிறது என்பதே அவர் அக்கறை. மீனும் தவளைக்குஞ்சும் பூச்சிப்புழுவும் தனித்தனி வம்சங்கள். ஆனால் ஒரே வேகத்தின் முன்னால் ஒன்றையொன்று ஒத்த தீர்வுகளுக்கு வந்து சேர்கின்றன. உருவமா உள்ளடக்கமா என்று நம் பத்திரிகைகளில் எவ்வளவோ பக்கங்கள் செலவாகியிருக்கின்றன. இந்த மீன் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நம் பக்கத்து மீன் பவானியா ஆஸ்ட்ராலிஸ். ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் வாளையார்க் காட்டு ஓடையில் கிடைத்த இதை 1849ல் விவரித்தார். பவானி ஆற்றை வைத்துப் பவானியா என்ற பேரினப் பெயரைத் தந்தவர் ஹோரா, 1920ல். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஓடைகள் பலவற்றில் இது உண்டு. அங்கே இது அரிய மீன் அல்ல. சென்னைக் கலர்மீன் கடைகளில் மட்டும் அரிது. வியட்நாமைச் சேர்ந்த ஸெவெல்லியா லினியோலாட்டாவோ கடல்கடந்து வந்து விலைக்குக் கிடைக்கிறது. கறுத்த உடலெங்கும் வெளிர்மஞ்சள் கோடுகள், யாரோ பொறுமையாகக் கீறியது போல. தொலைவும் விலையும் சேர்ந்து ‘அரிது’ என்ற சொல்லைத் தயாரிக்கின்றன. அந்தச் சொல் நம் கண்ணில் ஒட்டிக்கொண்ட பிறகு, பார்ப்பது மீனையா சொல்லையா என்பது தெளிவாக இல்லை.

வாங்குவது என்றால் மீனை மட்டும் வாங்கி முடிவதில்லை. ஓடையையும் வாங்க வேண்டியிருக்கிறது. தொட்டியின் ஒரு முனையில் மோட்டார்கள், மறுமுனையில் பஞ்சு மாட்டிய உறிஞ்சுவாய்கள். கூழாங்கற்களுக்கு அடியில் குழாய் இரண்டையும் இணைக்கும். நீர் மேலே ஒரே திசையில் ஓடி, அடியில் திரும்பி வரும். ஸெவெல்லியாவுக்கு 20லிருந்து 24 டிகிரி உகந்தது. சென்னையின் மே மாதத்தில் வீட்டுத் தண்ணீரே 30ஐத் தாண்டும். சூடு ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். ஆகவே சில்லர். அதன் விலையில் எத்தனையோ மீன் வாங்கலாம். தீனிக்கு, மொட்டைமாடியில் தட்டு நிறைய நீரில் கற்களைப் போட்டு வெயிலில் பாசி பிடிக்க வைக்கிறேன். பச்சை ஏறியவை தொட்டிக்குப் போகும், சுரண்டித் தின்று வெளுத்தவை மாடிக்குத் திரும்பும். இது எனக்கு வாராந்திர வேலை.

ஆனாலும் கண்ணாடியைப் பழிக்க மாட்டேன். ஓடையில் நின்று பார்த்தால் முதுகு மட்டும் தெரியும், அதுவும் ஈரக்கல்லின் நிறத்தில் கரைந்து. துடுப்பின் வெளிக்கதிர்கள் பற்றியிருக்க, உட்கதிர்கள் ஓயாமல் துடித்து வயிற்றடியில் கசியும் நீரை வெளியே தள்ளுவதைத் தொட்டியில்தான் பார்த்தேன். மீன் கண்ணாடியில் ஒட்டும்போது நாம் நிற்பது கல் இருக்க வேண்டிய இடத்தில். கல் அறிந்ததை நாம் அறிகிறோம்.

பவானியாவையும் கொண்டுவரலாம் என்றார் ஒரு கொளத்தூர் வியாபாரி. “ஆர்டர் குடுத்தா பதினஞ்சு நாள்ல வந்துரும் ஸார். பத்துக்கு நாலு நிக்கும், பாத்துக்குங்க.” நிற்கும் என்றால் உயிரோடு இருக்கும். மற்ற ஆறும் அந்த வாக்கியத்தில் இல்லை. 2005க்கும் 2012க்கும் இடையில், அழிவு அச்சத்தில் உள்ள 30 வகை நன்னீர் மீன்கள், 15 லட்சத்துக்கும் மேலாக, இந்தியாவிலிருந்து வளர்ப்புக்காக ஏற்றுமதியாயின என்று 2013ல் ஓர் ஆய்வு வந்தது. கோடுபோட்ட உடலழகுக்காக வாங்கப்படும் போட்டியா ஸ்ட்ரையேட்டா என்ற அயிரையும் அந்த முப்பதில் ஒன்று. பவானியா அந்த நிலையில் இல்லை. பத்து போனால் ஓடைக்குக் குறையாது என்று வாதிக்க எனக்கு இடம் இருந்தது. வாதித்தும் பார்த்தேன்.

குறுந்தொகையின் 128ஆம் பாட்டில் பரணர் ஒரு கிழநாரையைக் காட்டுகிறார். கீழ்க்கடலோரத்தில், சிறகு ஓய்ந்து, மேற்கே தொண்டித் துறையின் அயிரைக்காக அது தலையைத் தூக்குகிறது. எட்டாததை விரும்பும் நெஞ்சுக்கு அது உவமை. நானும் கீழ்க்கடலோரத்தில் இருப்பவன். எனக்கு மேற்கின் அயிரையை எட்டவைக்கப் பாலிதீன் பையும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் ராத்திரி பஸ்ஸும் இருக்கின்றன. அந்தத் தூரத்தை அழித்துவிட்டால் என் ஆசையில் என்ன மிஞ்சும் என்று யோசித்தபோது பெரிதாக ஒன்றும் தென்படவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்.

தொட்டியில் இருப்பவை ஸெவெல்லியாக்கள், ஒரு நண்பர் வீட்டுத் தொட்டியில் பிறந்தவை. இவற்றின் முன்னோர்களும் யாரோ ஒருவரின் ஓடையிலிருந்து பையில் வந்தவைதாம், அதை மறைக்கவில்லை. போன வருஷம் இவை கூழாங்கற்களுக்கிடையில் முட்டையிட்டன. நகத்துணுக்கு அளவு குஞ்சுகள் ஒருநாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாக வளர்ந்தன. பதினெட்டு தேறின. அதே வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கமான விலையில் பாதியைச் சீட்டில் எழுதி ஒட்டினார். அரிய மீன் என்று இப்போது அவர் யாரிடமும் சொல்வதில்லை. வாங்க வருகிற பையன்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் நிற்கிறார்கள்.